மனுவில் இல்லாத மனை

குடும்பநல நீதிமன்றத்தில் தாக்கலாகும் விவாகரத்து மனு எந்த ஊரிலிருந்து வந்தாலும் அதன் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். நிச்சயம் நடந்த நாள், மண்டபத்தின் பெயர், போட்ட நகை, கொடுத்த சீர் என்று ஒரு பக்கம். மாமியார் சொன்ன சொல், கணவர் கை ஓங்கிய நாள், தாய் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய நாள் என்று அடுத்த பத்துப் பன்னிரண்டு பக்கம். கடைசியாகப் பரிகாரப் பத்தி: திருமணத்தைக் கலைக்க வேண்டும், மாதாமாதம் இவ்வளவு ஜீவனாம்சம் வேண்டும், ‘மாண்பமை நீதிமன்றம் பொருத்தமெனக் கருதும் இதர பரிகாரங்களும்’ வேண்டும். இருவரும் பதினைந்து, இருபது ஆண்டுகள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய வீட்டைத் தேடினால், அது அந்த ‘இதர’ என்ற சொல்லுக்குள்தான் எங்கோ கிடக்கும்.

வழக்கறிஞர்களை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. கட்சிக்காரர் வந்து உட்கார்ந்ததும் கொட்டுவது காயத்தைத்தான், கணக்கை அல்ல. “அவர் என்னை என்னவெல்லாம் பேசினார் தெரியுமா?” என்று தொடங்கும் பெண்ணிடம், “வேளச்சேரி பிளாட்டுக்கு முன்பணம் எங்கிருந்து வந்தது?” என்று கேட்டால் அவருக்கே அது ஈவிரக்கமற்ற கேள்வியாகத் தோன்றும். ஆனால், ஐந்து ஆண்டுகள் கழித்துத் தீர்ப்பு வரும்போது அவர் நிற்க ஓர் இடம் இருக்குமா என்பதை முடிவு செய்யப்போவது பெரும்பாலும் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

நம் சட்டத்தில் இதற்கு நேரான பாதை இல்லை என்பதும் உண்மை. இந்து திருமணச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, திருமணத்தின்போது அல்லது அதை ஒட்டி இருவருக்கும் பொதுவாக வந்த பொருள்களைப் பற்றித்தான் பேசுகிறது. பிற்பாடு உழைத்துச் சேர்த்த வீட்டையும் நிலத்தையும் பற்றி அதில் வார்த்தை இல்லை. யார் பெயரில் கிரயப் பத்திரமோ அவருக்கே சொத்து. மற்றவருக்கு வேண்டுமானால் ஜீவனாம்சம். அவ்வளவுதான் ஏற்பாடு. ஒருவர் பணம் கொடுத்து இன்னொருவர் பெயரில் சொத்து வாங்கினால், பெயருக்குரியவர் அதைப் பணம் கொடுத்தவருக்காக வைத்திருப்பதாகவே கொள்ள வேண்டும் என்ற நியாயம் 1882-ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைகள் சட்டத்தின் 82-ஆம் பிரிவில் இருந்தது. 1988-இல் பினாமி தடைச் சட்டம் வந்தபோது அந்தப் பிரிவை நீக்கிவிட்டார்கள். கறுப்புப் பணத்துக்கு வைத்த பூட்டு, தாலியை அடகு வைத்துக் கணவர் பெயரில் மனை வாங்கிய பெண்ணுக்கும் சேர்த்து விழுந்தது. 2016-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, ஒருவர் தம் ‘அறியப்பட்ட வருவாய் மூலங்களிலிருந்து’ வாழ்க்கைத் துணையின் பெயரில் வாங்கும் சொத்து பினாமி ஆகாது என்று விலக்கு கிடைத்திருக்கிறது. கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. உள்ளே போக அந்த மூலத்தைக் காட்ட வேண்டும்.

மூலம் சம்பளமாக இருந்தால் சிக்கல் இல்லை, வங்கிக் கணக்கு பேசும். சமையலாக, பிள்ளை வளர்ப்பாக, படுத்த படுக்கையான மாமனாருக்குச் செய்த பணிவிடையாக இருந்தால்?

இந்தக் கேள்விக்குத்தான் 2023 ஜூன் 21 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு பதில் சொன்னார். வழக்கின் கதை தமிழ்நாட்டுக்கு நன்கு பழக்கமானது. 1965-இல் திருமணம். 1983 முதல் 1994 வரை கணவர் சவூதியில் வேலை பார்க்கிறார். பணம் ஊருக்கு வருகிறது. மனைவி பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே சொத்துகள் வாங்குகிறார். கணவர் திரும்பி வந்ததும் பிணக்கு. “என் பணத்தில் வாங்கியவை, எல்லாம் எனக்கே” என்று 1995-இல் வழக்குப் போடுகிறார். அது கீழ் நீதிமன்றங்களைத் தாண்டி இரண்டாம் மேல்முறையீடாக உயர் நீதிமன்றத்துக்கு வந்து முடிய இருபத்தெட்டு ஆண்டுகள்.

தீர்ப்பின் சாரம் எளிமையானது. கணவர் வெளிநாட்டில் எட்டு மணி நேரம் உழைத்தார் என்றால், மனைவி வீட்டில் இருபத்து நான்கு மணி நேரம் உழைத்தார். அந்த உழைப்பு இல்லாவிட்டால் அவரால் அங்கே இருந்திருக்கவும் முடியாது, சேமித்திருக்கவும் முடியாது. ஆகவே, இருவர் உழைப்பிலும் உருவான சொத்தில் இருவருக்கும் சமபங்கு. மனைவியின் இத்தகைய பங்களிப்பை நேரடியாக அங்கீகரிக்கும் சட்டம் இதுவரை இயற்றப்படவில்லை என்பதை நீதிபதி ஒளிக்கவில்லை. ஆனால், அங்கீகரிக்கக் கூடாது என்று தடுக்கும் சட்டமும் இல்லையே என்றார். பரவலாகப் பாராட்டப்பட்ட தீர்ப்பு. பாராட்டியவர்களில் பலர் கவனிக்காமல் விட்டது, அந்த வழக்கில் பங்கு கேட்டு முதலில் நீதிமன்றப் படியேறியவர் மனைவி அல்ல என்பதை. கணவர் எல்லாம் தமக்கே என்று வாதாட வந்தபோது, நீதிமன்றம் எதிர்த்தரப்பின் உழைப்பை எண்ணிப் பார்த்தது.

இல்லத்தரசியின் உழைப்புக்கு விலை போட நம் நீதிமன்றங்களுக்குத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. 1989-இல் ஜாம்ஷெட்பூரில் நடந்த தீ விபத்து வழக்கில் 2001-இல் உச்ச நீதிமன்றம், வீட்டைக் கவனித்த பெண்களின் பணியை மாதம் 3,000 ரூபாய் என்று கணக்கிட்டது. 2021 ஜனவரியில் வந்த விபத்து இழப்பீட்டு வழக்கிலும் இல்லத்தரசிக்கு உத்தேச வருமானம் நிர்ணயிப்பது ஏன் அவசியம் என்று விரிவாகவே பேசியது. ஆக, அவர் லாரியில் அடிபட்டு இறந்தால் உழைப்புக்கு மதிப்பு உண்டு. உயிரோடு குடும்பநல நீதிமன்ற வராந்தாவில் நின்றால் ‘வருமானம் இல்லை’. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடங்களும் ஆண்கள் 88 நிமிடங்களும் அதில் செலவிடுவதாகச் சொல்கிறது. 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்த் திட்டத்துக்குத் தமிழக அரசு ‘மகளிர் உரிமைத் தொகை’ என்றுதான் பெயர் வைத்தது. அரசு கொடுப்பதையே உரிமை என்கிறோம். கணவர் வாங்கிய வீட்டில் கேட்டால் மட்டும் பேராசை என்கிறோம்.

ஆனால், 2023 தீர்ப்பை நகலெடுத்து மனுவோடு இணைத்துவிட்டால் பங்கு வந்துவிடும் என்று நினைப்பது தவறு. அது அந்த வழக்கின் உண்மைகள் மேல் நின்ற தீர்ப்பு. நியாயத்தின் பெயரால் கேட்கும் உரிமைக்கு, பத்திரத்தின் பெயரால் கேட்கும் உரிமையைவிட அதிக உழைப்பு வேண்டும். பத்திரம் இருப்பவர் அதை நீட்டினால் போதும். பத்திரம் இல்லாதவர் தம் பத்து, இருபது ஆண்டு வாழ்க்கையைத் தேதிவாரியாக நீதிபதி முன் விரித்துக் காட்ட வேண்டும்.

அதை எப்படி விரிப்பது? இப்படி ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். தாம்பரத்துக்கு அப்பால் ஒரு லேஅவுட்டில் கணவர் பெயரில் 1,200 சதுர அடி மனை. கிரயம் நடந்தது ஒரு ஆடி முடிந்த ஆவணியில். மனைவி வேலைக்குப் போனதில்லை. “என் வளையலும் ஆரமும் போய்த்தான் அந்த மனை வந்தது” என்கிறார். வாய்ச்சொல். கணவர் தரப்பில் “நகையெல்லாம் அவளிடமே இருக்கிறது” என்பார்கள். அதுவும் வாய்ச்சொல். இப்போது கூட்டுறவு வங்கியின் நகைக்கடன் ரசீது ஒன்று பீரோவின் அடித்தட்டில், ரேஷன் கார்டு உறைக்குள் கிடைக்கிறது. பன்னிரண்டு சவரன், இத்தனை கிராம், கடன் தொகை, தேதி. கிரயப் பத்திரத்தின் தேதி அதற்கு ஒன்பதாம் நாள். அந்த ஒன்பது நாள் இடைவெளி, மாமியார் கொடுமையைப் பற்றிய பன்னிரண்டு பக்கத்தைவிடச் சத்தமாகப் பேசும். நகை மீட்கப்படவே இல்லை, ஏலத்துக்குப் போனது என்று வங்கியிடமிருந்து ஒரு கடிதமும் வாங்கிவிட்டால் கணவரின் பதிலுக்கு நிற்க இடமில்லை.

இப்படித்தான் ஒவ்வொரு சொத்தையும் அதன் பணம் வந்த வழியோடு கட்ட வேண்டும். பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுத்தால் எந்தத் தேதியில் யார் யாருக்கு எழுதினார்கள் என்பது தெரியும். ஏலச்சீட்டு எடுத்த மாதம், தகப்பனார் ஓய்வுபெற்றபோது கொடுத்த தொகை, மகளிர் சுயஉதவிக் குழுக் கடன், மாவு அரைத்து விற்ற கணக்கு நோட்டு, பால் சொசைட்டி பாஸ்புக், சவூதியிலிருந்து பணம் வந்த வங்கிச் சீட்டு, வீடு கட்டும்போது கொத்தனாருக்கு வாரக் கூலி கொடுத்தவர் யார் என்று சொல்லக்கூடிய மேஸ்திரி: இவை எல்லாமே சாட்சிகள்தான். “இந்தக் கிறுக்கல் நோட்டையெல்லாம் கோர்ட்டு ஏற்குமா?” என்று தயங்குகிறவர்கள் 1984-ஆம் ஆண்டு குடும்பநல நீதிமன்றங்கள் சட்டத்தின் 14-ஆம் பிரிவைப் படிக்க வேண்டும். தகராறைத் தீர்க்க உதவும் என்று தோன்றினால், சாட்சியச் சட்டப்படி ஏற்கத்தக்கதா இல்லையா என்று பார்க்காமலே எந்த ஆவணத்தையும் தகவலையும் இந்த நீதிமன்றம் பெற்றுக்கொள்ளலாம். கணவன் மனைவிக்கு இடையிலான சொத்து வழக்கை விசாரிக்கும் அதிகாரமும் அதே சட்டத்தின் 7-ஆம் பிரிவில் இருக்கிறது. கையில் இருக்கும் ஆயுதத்தை நாம் அதிகம் எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

சீதன நகையின் கதை இன்னும் விசித்திரம். மணமக்களுக்கு வந்த பரிசுகளை எழுத்தில் பட்டியலிட்டு, பொருளின் விவரம், உத்தேச மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவுமுறை எல்லாம் குறித்து இருவரும் கையெழுத்திட வேண்டும் என்று 1985-இலேயே வரதட்சிணைத் தடைச் சட்டத்தின் கீழ் விதி வந்துவிட்டது. நம் கல்யாணங்களில் மண்டப வாசலில் மேசை போட்டு, 101 ரூபாய் மொய்யைக்கூட ஊர், பெயர், தகப்பனார் பெயரோடு நோட்டில் எழுதுகிறோம். பெண்ணின் கழுத்தில் போட்ட ஐம்பது சவரனை எங்கும் எழுதுவதில்லை. எழுதச் சொன்னால் “இப்போதே பிரிவதற்குக் கணக்குப் பார்க்கிறார்களா?” என்று சம்பந்தி வீட்டில் முகம் சுளிப்பார்கள். பிறகு நீதிமன்றத்தில் கல்யாண ஆல்பத்தைப் பிரித்து, புகைப்படத்தில் தெரியும் ஆரத்தின் எடையை ஊகிக்கும் கூத்து நடக்கிறது.

சீதனம் பெண்ணுக்கு மட்டுமே சொந்தம், கணவர் அதைப் பாதுகாத்துத் திருப்பித் தரக் கடமைப்பட்டவர் என்று உச்ச நீதிமன்றம் 1985-இலேயே சொல்லிவிட்டது. 2024 ஏப்ரலில் கேரள வழக்கு ஒன்றில் அதை மீண்டும் உறுதிசெய்தது. முதலிரவிலேயே 89 சவரனையும் பத்திரமாக வைக்கிறேன் என்று வாங்கிக்கொண்டார் கணவர் என்பது மனைவியின் குற்றச்சாட்டு. ஆதாரம் போதவில்லை என்றது உயர் நீதிமன்றம். ஐயத்துக்கு இடமின்றி நிரூபிப்பது கிரிமினல் வழக்கின் அளவுகோல்; குடும்ப வழக்கில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதே அளவுகோல் என்று அதைத் திருத்தி, 25 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது உச்ச நீதிமன்றம். முதலிரவில் கணவரிடம் ரசீது கேட்கும் மணப்பெண் எந்த ஊரிலும் இல்லை.

நியாயம் கேட்டு வருகிறவரின் கையும் சுத்தமாக இருக்க வேண்டும். நம் குடும்ப வழக்குகள் சீரழிவது இங்கேதான். ஜீவனாம்ச வழக்குகளில் இருதரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் குறிப்பிட்ட படிவத்தில் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. மிக நல்ல ஏற்பாடு. நடைமுறையில் என்ன ஆகிறது? நேற்று வரை ஐ.டி. கம்பெனியில் இருந்தவர் ‘தற்போது வேலை இல்லை, பெற்றோரைச் சார்ந்து வாழ்கிறேன்’ என்கிறார். மாலையில் இருபது பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கும் மனைவி ‘எவ்வித வருமானமும் இல்லை’ என்கிறார். இரண்டுமே குமாஸ்தா அடித்துக் கொடுத்த ஒரே வாசகம். இப்படிப் பொய் சொல்லும் பெண், தமக்குக் கிடைக்கவிருந்த பெரிய உரிமையைச் சின்ன லாபத்துக்காகத் தாமே கெடுத்துக்கொள்கிறார் என்பேன். டியூஷன் பணம் எத்தனை ஆண்டுகள் வீட்டுக்கடன் தவணைக்குப் போனது என்பதுதானே அவர் பங்கு கேட்பதன் அடித்தளம்! அதை மறைத்தால் தாம் நிற்கும் கிளையையே வெட்டுகிறார்.

கேட்கக் கூடாததைக் கேட்பதும் அதே கேடுதான். கணவரின் பூர்விகச் சொத்தில் பங்கு வேண்டும் என்று பல மனுக்களில் எழுதியிருக்கும். கணவர் உயிரோடு இருக்கும்போது அதில் பிள்ளைகளுக்கு உரிமை இருக்கலாம். மனைவிக்கு மனைவி என்ற முறையில் பங்கு இல்லை. அதுபோல, மாமனார் பெயரில் உள்ள வீட்டில் குடியிருக்கும் உரிமையைக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கேட்கலாம் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. குடியிருப்பது வேறு, பங்கு வேறு. இரண்டையும் குழப்பி எழுதிய மனுவைப் படிக்கும் நீதிபதிக்கு, அதில் உள்ள உண்மையான கோரிக்கை மேலும் ஐயம் வந்துவிடும்.

காலம் இன்னொரு எதிரி. பிணக்கு முற்றியதும் முதலில் நடப்பது என்ன? கணவர் தம் தாய்க்கோ தம்பிக்கோ அந்த வீட்டைத் தான செட்டில்மென்ட் எழுதிவிடுகிறார். பெரியவர்கள் பஞ்சாயத்து பேசிக்கொண்டிருக்கும் ஆறு மாதத்தில் அது நடந்து முடிந்திருக்கும். வழக்கு நடக்கும்போது விற்றால் வாங்கியவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர் என்று சொத்து மாற்றச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு காக்கிறது. ஜீவனாம்ச உரிமை உள்ளவரை ஏமாற்றும் விதமாக இலவசமாக மாற்றிய சொத்தின் வருவாய் மீதும் அந்த உரிமையைத் தொடர்ந்து வலியுறுத்த 39-ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. ஆனால், வழக்கே போடாமல் இருந்தால் 52-ஆம் பிரிவு உதவாது. உரிமையை நிலைநாட்டக் கேட்கும் வழக்குக்கு மூன்று ஆண்டுகள்தான் கெடு என்பதும் பலருக்கு மூன்று ஆண்டுகள் கழிந்த பிறகே தெரியவருகிறது. ஆகவே, வக்காலத்தில் கையெழுத்துப் போடும் நாளிலேயே வில்லங்கச் சான்றும், தேவையெனில் இடைக்காலத் தடை மனுவும் தயாராக வேண்டும்.

இதெல்லாம் ஆண்களுக்கு எதிரான படையெடுப்பு என்று யாரும் பதற வேண்டாம். வளைகுடாவில் பங்க் படுக்கையில் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, வந்த பணம் முழுவதையும் மனைவி பெயரிலும் மைத்துனர் பெயரிலும் சொத்தாக்கிவிட்டு, ஊர் திரும்பியதும் கதவடைக்கப்பட்டவர்கள் உண்டு. அவர்களுக்கும் வேண்டியது இதே கணக்குதான். பெண் பெயரில் 10 லட்சம் ரூபாய்க்குள் சொத்து வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு என்று 2025 ஏப்ரல் முதல் சலுகை வந்திருக்கிறது. வரவேற்கத்தக்கதுதான். ஆனால், பெண்ணுக்குச் சொத்து சேர வேண்டும் என்று வாங்குபவர்களோடு, சலுகைக்காக மட்டும் பெயர் போட்டு வாங்குபவர்களும் இருப்பார்கள். பணம் கொடுத்தது யார் என்ற வாதம் இன்னும் பத்தாண்டுகளில் இரு பக்கமிருந்தும் வரும்.

சட்டமாகவே இதைத் தீர்த்துவிட ஒரு வாய்ப்பு வந்தது. மீட்கவே முடியாதபடி முறிந்த திருமணங்களில் கணவரின் அசையாச் சொத்தில் மனைவிக்குப் பங்கு தர வழிசெய்யும் திருமணச் சட்டங்கள் திருத்த மசோதா 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவை 2014-இல் கலைந்தபோது காலாவதியானது. பிறகு அதைத் தூசி தட்ட எந்த அரசும் முன்வரவில்லை. கோவாவில் போர்த்துகீசியர் விட்டுச்சென்ற 1867-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின்படி, முன்கூட்டியே வேறு ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் தம்பதியின் சொத்து இருவருக்கும் பொது, பாதிப் பாதி. அங்கே குடும்பங்கள் ஒன்றும் இடிந்துவிடவில்லை. நமக்கு இந்த நியாயக் கோட்பாடுகளையெல்லாம் ஏற்றுமதி செய்த இங்கிலாந்திலும், வீட்டைக் கவனித்த மனைவிக்குப் பத்திரம் இல்லை என்று கையை விரித்த தீர்ப்புகள் இருந்தன. அவர்கள் நீதிபதிகளின் இரக்கத்தை நம்பிக்கொண்டிருக்காமல் 1970, 1973 ஆண்டுகளில் சட்டம் இயற்றினார்கள். 2000-இல் அந்நாட்டு உச்சநிலைத் தீர்ப்பு, சம்பாதித்தவருக்கும் வீட்டைப் பேணியவருக்கும் இடையே பாரபட்சம் கூடாது என்றது.

எல்லாவற்றிலும் கண்ணை மூடிக்கொண்டு பாதி என்பதை நான் ஏற்கவில்லை. செல்வத்தைச் சமப்படுத்தும் கருவியாக ஜீவனாம்சம் ஆகிவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் எச்சரித்ததிலும் பொருள் இருக்கிறது. இரண்டே ஆண்டு நீடித்த திருமணத்தையும் இருபத்தைந்து ஆண்டு நீடித்ததையும் ஒரே தராசில் வைக்க முடியாது. பாட்டன் சொத்தும் தகப்பன் உயிலில் வந்த சொத்தும் வெளியே நிற்கட்டும். மணவாழ்வின்போது உழைப்பில் வந்த சொத்தில் சமபங்கு என்பது தொடக்கப்புள்ளியாக இருக்கட்டும். இல்லை என்று சொல்பவர் அதை நிரூபிக்கட்டும். இன்று நிரூபிக்கும் சுமை முழுவதும் ரசீது இல்லாதவர் தலையில் இருக்கிறது.

நாடாளுமன்றம் விழித்துக்கொள்ளும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பெரும்பாலான வழக்குகள் தீர்ப்பில் முடிவதில்லை. சமரச மையத்தில் ஒரு மொத்தத் தொகையோடு முடிகின்றன. அந்தப் பரஸ்பர சம்மத ஒப்பந்தத்தில் ‘இனி ஒருவர் சொத்தில் மற்றவருக்கு எவ்வித உரிமையும் இல்லை’ என்று ஒரு வரி இருக்கும். எந்தச் சொத்து, எத்தனை, யார் பெயரில் என்று ஒரு பட்டியலும் இல்லாமலே மனைவி கையெழுத்திடுகிறார். தாம் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது. மணவாழ்வின்போது வாங்கிய சொத்துகளின் பட்டியல் வில்லங்கச் சான்றோடு இணைக்கப்படாவிட்டால் அந்த ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய மாட்டோம் என்று ஒரு விதி போதும். குடும்பநல நீதிமன்றங்களுக்கு நடைமுறை விதிகள் வகுக்கும் அதிகாரத்தை 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு உயர் நீதிமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது.